கோயில் பக்கம், ஸ்டேசன் பக்கம்

விமலநாதன் அண்ணைக்கு முட்டை வடிவப் பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுக்கக் கேட்கும்படி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்திரேலியப் புட்போல் விளையாடும் ஒரு கழகத்தில், கோல் போட வேண்டிய முன்வரிசைக்கு, கோல் என்றால் பின்னால் வலை தொங்கும் என்று நினைக்கிற மனிதர் பயிற்சியாளர். 

எப்படி வந்தார் என்று கேளுங்கள். எங்கள் ஹம் யானைகள் கழகம் தமிழ்ச் சங்கத்தின் கீழ் இயங்குகிறது. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை ஒரு பதவியிலிருந்து எடுத்தால் அவர் மனம் நோகாமல் இன்னொரு பதவி கொடுக்க வேண்டும். விமலநாதன் அண்ணை ஆறு வருடம் கலைவிழாப் பொறுப்பாளராக இருந்தார். போன வருட விழாவில் ஒலிபெருக்கி ஒரு மணித்தியாலம் ஊளையிட்டதில் அவரை மாற்றவேண்டி வந்தது. மாற்றினால் என்ன கொடுப்பது? பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் லோறன்ஸ், "அண்ணை ஊரிலை புட்போல் விளையாடினவர்தானே, முன்வரிசைக்குக் கோச்சா விடுவம்" என்றார். அவர் ஊரில் விளையாடியது உருண்டைப் பந்து. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வழிமொழிந்தது யார் தெரியுமா? நான்தான். கஜந்தி என்கிற இந்த விசரிதான். மூன்றரை மணி நேரக் கூட்டம், பின்னால் மேசையில் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. "ஓம், வழிமொழியிறன்" என்று கையைத் தூக்கிவிட்டேன். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

எனக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடம் மெல்பேணில் இருந்தவள். வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தின் சிற்றுண்டிக் கடையில் சனிக்கிழமை தவறாமல் வேலை செய்தவள். கல்யாணம் அங்கேயே முறிந்தது, விளையாட்டு மட்டும் என்னோடு கூடி வந்தது. தம்பி வினோஜன் ஹம்மில் இருந்ததால் இங்கே வந்தேன். லோறன்ஸ் இந்தக் கழகத்தைத் தொடங்கியபோது அவனைப் பிடித்து உள்ளே தள்ளியதும் நான்தான். ஆள் ஆறடி இரண்டு அங்குலம், நல்ல கை. முன்வரிசைக்கென்றே செய்து வைத்த உடம்பு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தின் ஒவ்வொரு அந்தத்திலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையால் பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியால் போனால் ஒரு புள்ளி. நடுக் கம்பத்தில் பட்டுவிட்டால், அதற்குப் பிறகு உள்ளே போனாலும் ஒரு புள்ளிதான். தூரத்திலிருந்து உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தவனை ஒருவரும் தொடக்கூடாது. நின்று, மூச்செடுத்து, ஆறுதலாக உதைக்கலாம். ஆகவே முன்வரிசைக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான். எதிராளியை உதறிவிட்டு வெறும் இடத்துக்கு ஓடி வந்து பந்தைப் பிடிக்க வேண்டும். மெல்பேணில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

விமலநாதன் அண்ணையின் முறை வேறு. மூன்று முன்வரிசைக்காரரையும் கோலுக்கு முன்னால் கும்பலாக நிறுத்துவார். உருண்டைப் பந்தில் கோணர் கிக் அடிக்கும்போது நிற்பதுபோல. பந்து வரும், மூன்று பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள், ஒருவன் முழங்கை மற்றவன் மூக்கில், பந்து புல்லில். வினோஜனுக்கும் கார்த்திகனுக்கும் மண்டை மோதி இரண்டு தரம் வீங்கிவிட்டது. மூன்றாவது ஆள் ஒரு ஜெர்மன்காரன், தீயணைப்புப் படையில் வேலை. எரிகிற வீட்டுக்குள் போகிறவன் எங்கள் முன்வரிசைக்குள் போகப் பயப்படத் தொடங்கினான்.

"அண்ணை, பெடியளைக் கொஞ்சம் பரவி நிக்கச் சொல்லுங்கோவன்" என்று முதல் மாதம் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"தங்கச்சி, நான் ஊரிலை பதினாலு வருசம் சென்ரர் ஃபோர்வேட்."

"அது வேறை விளையாட்டு அண்ணை."

"பந்து பந்துதான். நீங்கள் ரோல்ஸைப் பாருங்கோ."

ரோல்ஸைப் பாருங்கோ! அன்றைக்கே ரோல்ஸ் பொரித்து விற்கிற கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். கோல் நடுவராக நிற்க ஆள் இல்லையென்று லோறன்ஸ் அலைந்துகொண்டிருந்தார். நான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு கொடிகளையும் கையில் எடுத்தேன். கோல் என்றால் இரண்டு விரல் காட்டி இரண்டு கொடி, ஒரு புள்ளி என்றால் ஒரு விரல், ஒரு கொடி. அந்த வருடம் முழுக்க எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் நின்றவள் நான். விமலநாதன் அண்ணையின் கூத்தை அவ்வளவு கிட்ட நின்று பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை. பார்த்ததை வாட்ஸ்அப் குழுவில் எழுதாமலும் விடவில்லை.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மனிதருக்கு யோசனை வராமல் இருக்கும்வரைதான் நமக்கு நிம்மதி. "எதிராளிக்கு விளங்காத மாதிரித் தமிழிலை கத்துவம்" என்றார். எங்கள் மைதானத்தில் நின்றால் ஒரு பக்கம் அம்மன் கோயில் இருக்கும் திசை, மற்றப் பக்கம் ரயில் நிலையம். "கோயில் பக்கம்!" என்று கத்தினால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓட வேண்டும், "ஸ்டேசன் பக்கம்!" என்றால் இந்தப் பக்கம். தீயணைப்புக்காரனும் பாவம், அந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கி வைத்திருந்தான்.

வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கு எர்லாங்கன் பக்கம் போனோம். அங்கேயும் மனிதர், "கோயில் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெடியள் நடு மைதானத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இருநூற்றைம்பது மைலுக்கு அங்கால் இருக்கிற கோயில் எந்தத் திசையில் என்று அந்த அவசரத்தில் ஒருவனுக்குத் தெரியுமா? கார்த்திகன் கைத்தொலைபேசியைத் தேடி இடுப்பைத் தடவினான். நான் பார்வையாளர் வரிசையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். வினோஜன் சிரிக்கவில்லை.

அவனால் சிரிக்க முடியாது. மூன்று வருடமாக அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை. அணியில் பின்வரிசையில் நிற்கிறவனுக்குக்கூட இரண்டு கோல் இருந்தது. குழுவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'பூச்சியம்'. களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற பெரிய ஆள், முப்பத்து மூன்று வயது, அந்தப் பெயரைக் கேட்டு வாய்க்குள் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொள்வான். இந்தக் கோடையில் முழங்காலும் போய்விட்டது. சவ்வு கிழிந்திருக்கிறது, ஒப்பரேசன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு இந்த விளையாட்டு கூடாது என்று வைத்தியர் அடித்துச் சொல்லிவிட்டார். ஒப்பரேசன் டெர்மின், அதாவது நாள், புதன்கிழமைக்குக் கிடைத்தது. அதற்கு முதல் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் கடைசி ஆட்டம், கொலோன் அணியோடு.

"விளையாடாதை" என்றேன்.

"ஒண்டு போதும் அக்கா" என்றான். "ஒரே ஒரு கோல். பிறகு காலை வெட்டினாலும் பரவாயில்லை."

அவன் அப்படி எதையும் என்னிடம் கேட்டவன் அல்ல.  வெள்ளிக்கிழமை விமலநாதன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். வெட்கத்தை விட்டு, "அண்ணை, நாளைக்கு ஒரு நாள் அவனைத் தனிய விடுங்கோ. மற்ற ரெண்டு பேரையும் அங்காலை இழுங்கோ. அவன் ஓடி வரட்டும்" என்று கெஞ்சினேன். "கஜந்தி, எல்லாம் பிளான் பண்ணியிருக்கு" என்றார் அவர். கலைவிழா ஒலிபெருக்கிக்கும் இதையேதான் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. கொலோன் அணி இரண்டு வான் வண்டியில் வந்து இறங்கியது. இறங்கினவர்களில் பாதிப் பேர் எங்கள் தமிழ் ஆட்கள். "அக்கா, சுகமே? கோயில்லை கண்டனாங்கள், தேரன்று" என்று றெக்ஸ் என்கிற பெடியன் வந்து கதைத்தான். அவன்தான் அவர்களின் பின்வரிசைத் தூண். எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் இன்றைக்கும் தமிழில் கத்த மாட்டார்தானே? அவ்வளவுக்கு மூளை இருக்கும்தானே?

இருக்கவில்லை. முதல் கால்பகுதியில் எங்கள் பெடியள் மற்ற அந்தத்தை நோக்கி விளையாடினார்கள். அங்கிருந்தே அவருடைய குரல் கேட்டது. "கோயில் பக்கம்!" எங்களுடைய மூவரும் திரும்ப முதலே றெக்ஸும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் கோயில் பக்கம் போய் நின்றார்கள். ஐரோப்பா முழுக்க இருக்கிற தமிழன் வருடா வருடம் வந்து கும்பிடுகிற கோயில். அது எந்தப் பக்கம் என்று கொலோன்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? றெக்ஸ் பந்தைப் பிடித்துவிட்டு எல்லைக்கோட்டைப் பார்த்து, "நன்றி அண்ணை!" என்று கும்பிடு வேறு போட்டான். விமலநாதன் அண்ணை பதிலுக்குக் கை காட்டினார். ஐயோ, கை காட்டினார்!

மூன்றாவது கால்பகுதி முடிய கொலோன் அறுபத்தெட்டு, நாங்கள் பதினேழு. வெற்றி தோல்வியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. வினோஜனின் முழங்கால் கட்டுக்கு வெளியே பொங்கியிருந்தது. ஒரு பந்துகூட அவன் கைக்கு வரவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு தனியாக உட்கார்ந்திருந்தான். அடுத்தது கடைசிக் கால்பகுதி, என் கோலை நோக்கி.

நடுவர் கோட்டைப் போட்டிருக்கிறவள் ஓர் அணிக்குப் புத்தி சொல்லக்கூடாது. தெரியும். தெரிந்துகொண்டே போனேன்.

"டேய், அவர் கோயில் எண்டு கத்தினா நீ ஸ்டேசனுக்கு ஓடு. ஸ்டேசன் எண்டா கோயிலுக்கு ஓடு."

"அண்ணை ஏசுவார்."

"ஏசட்டும். கொலோன்காரர் எல்லாம் அவர் சொல்லுறதைத்தான் கேட்கிறாங்கள். நீ ஒருத்தன் கேளாமல் விடு."

கடைசி இரண்டு நிமிடம். விமலநாதன் அண்ணை எல்லைக்கோடு வழியே நடந்து நடந்து என் கோலின் ஓரக் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அங்கே நிற்கவே கூடாது. "தள்ளி நில்லுங்கோ" என்றேன். காதில் விழாததுபோல இருந்தார். நடுவில் எங்கள் ஆள் ஒருவன் பந்தை எடுத்துத் தலையை நிமிர்த்தினான். அண்ணை கழுத்து நரம்பு புடைக்க, "கோயில் பக்கம்!" என்று கத்தினார். கார்த்திகன் ஓடினான், தீயணைப்புக்காரன் ஓடினான், கொலோன் பின்வரிசை முழுவதும் அவர்களுக்கு முன்னால் ஓடியது. வினோஜன் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு ஸ்டேசன் பக்கம் ஓடினான். அங்கே ஒரு குருவியும் இல்லை. பந்து வந்தது. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான்.

விசில் ஊதியது. முப்பது மீற்றர், கொஞ்சம் சரிந்த கோணம். நின்று உதைக்கலாம், ஒருவரும் தொட முடியாது. "பூச்சியம்! பூச்சியம்!" என்று சனம் கத்தியது. இந்த முறை அதில் கேலி இல்லை. யாரோ ரோல்ஸ் தட்டில் கரண்டியால் அடித்தார்கள். நான் இரண்டு நடுக் கம்பங்களுக்கும் இடையில் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, இதை மட்டும் உள்ளே விடு என்று மனதுக்குள் கேட்டேன்.

உதைத்தான். பந்து நன்றாக எழும்பியது, எனக்கு நேரே வந்தது, பிறகு கடைசியில் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. நான் கம்பத்தடிக்குப் பாய்ந்தேன். பந்து கம்பத்துக்கு உட்பக்கமாகப் போய் எனக்குப் பின்னால் விழுந்தது.

போகும்போது 'டொக்' என்றது.

எங்கள் கம்பங்கள் ஓரஞ்சு நிற வடிகால் குழாய்கள். அவற்றை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் நட்டு நிமிர்த்துகிறவள் நான். அந்தக் குழாயில் எது பட்டாலும் என்ன சத்தம் வரும் என்று நித்திரையிலும் தெரியும். ஒரு நூல் அளவுதான் உரசியது. அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. வினோஜன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான். கார்த்திகன் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தான். மைதான நடுவர், ஒரு ஜெர்மன்காரர், எனக்குச் சைகை காட்டினார். இனி என் முடிவுதான். றெக்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "குடுங்கோ அக்கா, எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை" என்றான்.

குடுத்திருக்கலாம். ஆட்டம் எப்போதோ முடிந்த ஆட்டம். இரண்டு விரலைக் காட்டி இரண்டு கொடியையும் ஆட்டினால் ஊரே சந்தோசப்படும். என் கை எழவும் தொடங்கியது. ஆனால் என் காதில் அந்த 'டொக்' நின்றுகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க அவன் அந்தக் கோலைப் பற்றிக் கதைப்பான், ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். பொய்க் கோலை வைத்துக்கொண்டு நான் அவன் முகத்தைப் பார்ப்பது எப்படி?

கம்பத்தைக் கையால் தட்டினேன். ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கொடியை ஆட்டினேன்.

 ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள். லோறன்ஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "கஜந்தி, உமக்கு என்ன விசரே? விமலநாதன் அண்ணையிலை உள்ள கோவத்தைப் பெடியன்ரை தலையிலை போடாதையும்!"

"என்ன கோவம்? பந்து பட்டது."

"ஒரு வருசமா குழுவிலை எழுதிக் கிழிச்சனீர். அவற்றை முன்வரிசை ஒரு நல்ல கோல் போட்டா உமக்குப் பொறுக்குமே?"

  கூடாரத்தடியில் நின்ற பெண்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். ஒரு வருடமாக நான் எழுதியதை வாசித்துச் சிரித்தவர்கள் அவர்கள்தான். இப்போது அதே சிரிப்பை எடுத்து எனக்கு எதிராக வைத்தார்கள். இடைவேளையில் நான் தம்பியின் காதில் கதைத்ததையும் கண்டிருப்பார்கள். வெள்ளைக் கோட்டோடு ஒரு பக்கம் சேர்ந்தவளின் கொடியை யார் நம்புவார்?

நம்பாவிட்டால் போங்கள் என்று நினைத்தேன். அப்போது வினோஜன் நொண்டிக்கொண்டு வந்தான். கார்த்திகனின் தோளைப் பிடித்திருந்தான். முகம் முழுக்க வியர்வை.

"அக்கா, மெய்யாப் பட்டதோ?"

"பட்டது."

"இல்லாட்டி விமலநாதன் அண்ணை பேர் எடுத்துப் போடுவார் எண்டு குடுக்கேல்லையோ?"

என் தம்பி கேட்டான். நான் வளர்த்த பிள்ளை கேட்டான். "மெய்யாத்தான்டா, என்ரை காதாலை கேட்டனான்" என்றேன்.   அவன் நம்பினான் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. 

"பட்டதுதான்."

திரும்பிப் பார்த்தேன். ஓரக் கம்பத்தடியில், நிற்கவே கூடாத அந்த இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விமலநாதன் அண்ணை நின்றார். "நான் கண்டனான். குழாய் ஆடினது. கஜந்தி சரியாத்தான் குடுத்தவ. லோறன்ஸ், நீர் சும்மா கத்தாதையும், போய்க் கோட்டுக்கு வெளியிலை நில்லும்."

அதைச் சொன்னதால் அவருடைய முன்வரிசைக்கு வரவேண்டிய ஐந்து புள்ளி போனது. அவருக்கும் அது தெரியும். ஒரு கணம், ஒரேயொரு கணம், அந்த மனிதரை நான் நிமிர்ந்து பார்த்தேன்.

உடனே அவர் வினோஜன் பக்கம் திரும்பினார். "நான் சொன்ன மாதிரிக் கோயில் பக்கம் ஓடியிருந்தா உது கம்பத்திலை பட்டிராது தம்பி. சொல்லுக் கேக்கோணும்."

கொடித்தடியாலேயே ஒன்று போட்டிருப்பேன். கோயில் பக்கம் ஓடியிருந்தால் பந்தே கிடைத்திருக்காது, மடைப் பயலே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதற்குள் வினோஜன் தலையாட்டிவிட்டான். "ஓம் அண்ணை" என்றான். "அப்ப பட்டதுதான்" என்று கார்த்திகனிடம் சொன்னான். முகம் தெளிந்திருந்தது. கார்த்திகனின் தோளில் தொங்கியபடி ஐஸ் கட்டி இருந்த பெட்டிப் பக்கம் நடந்தான்.

முன்வரிசை எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மூன்று வருடமும், அந்த மனிதர் ஏன் ஒன்றுக்கும் உதவாதவர் என்று ஒரு வருடமும் அவனுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் நம்பினான். இந்த ஒரு சத்தத்தைக் கேட்டேன் என்றேன், அதை நம்ப அவனுக்கு விமலநாதன் அண்ணை வேண்டியிருந்தது.

இறுதி விசில் ஊதியது. நான் கோட்டைக் கழற்றி மடித்தேன். பிறகு குழாய்களைப் பிடுங்கப் போனேன். மற்ற முனையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. விமலநாதன் அண்ணைதான் வந்தார்.

"இஞ்சாலை தூக்குங்கோ தங்கச்சி" என்றார், பிழையான முனையைக் காட்டி.

தூக்கினேன்.